ஒரு குரல், ஒரு கைதட்டு: சன் ஹவுஸ் பாட்டில் அப்படி என்ன இருக்கிறது?

இரவுப்பணி · இரவு 11:48

எனக்கு ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பர்களின் பாட்டு வகை) தெரியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேற்று ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போது யூடியூப் தன்பாட்டுக்கு அடுத்தடுத்துப் பாட்டுப் போட்டுக்கொண்டே வந்தது. நடுவில் இது வந்தது: சன் ஹவுஸ், "கிரின்னின் இன் யுவர் ஃபேஸ்". ஒரு பெரியவர் பாடுகிறார், கூடவே கைதட்டு. வேறு எதுவும் கேட்கவில்லை. இயர்போனில் ஒரு பக்கம் போய்விட்டது, அந்தப் பக்கம்தான் கிதார் ஓடுகிறது என்று நினைத்து வயரை முறுக்கிப் பார்த்தேன், பக்கத்து சீட்டுக்காரரிடம் அவருடைய இயர்போனைக்கூட வாங்கிப் போட்டுப் பார்த்தேன். அதிலும் அதேதான்.

இரண்டு நிமிடம் சொச்சம், முடிந்துவிட்டது. இன்று காலையிலிருந்து பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன். இவ்வளவு குறைவாக வைத்துக்கொண்டு இது எப்படி இப்படிப் பிடித்து இழுக்கிறது? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தாளக்காரன் · இரவு 11:59

நான் டிரம்ஸ் வாசிக்கிறவன், பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். மனதில் பட்டதைச் சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்தக் கைதட்டு சரியில்லை. ஓர் இடத்தில் முந்துகிறது, ஓர் இடத்தில் பிந்துகிறது. என் மாணவன் இப்படித் தட்டினால் மெட்ரோனோமை, அதாவது சீராக டிக் டிக் என்று அடிக்கிற கருவியை, போட்டு உட்காரவைத்துவிடுவேன். பாடுகிறவர் வயதானவர், கறுப்பர், மிசிசிப்பிக்காரர் என்பதால் நாம் எல்லாவற்றையும் "ஆழம்" என்று எடுத்துக்கொள்கிறோமோ என்று எனக்குச் சந்தேகம். இதே பாட்டை வேளச்சேரியில் ஒரு பையன் கைதட்டிப் பாடிப் போட்டிருந்தால் இங்கே யாராவது இழை தொடங்கியிருப்போமா?

பழைய கேசட் · காலை 6:20

இரவுப்பணி தம்பிக்கு முதலில் கொஞ்சம் பின்னணி.

சன் ஹவுஸ் மிசிசிப்பியில் கிளார்க்ஸ்டேல் பக்கத்து ஆள். இளவயதில் பாப்டிஸ்ட் சபையில் பிரசங்கியார். கிதாரும் ப்ளூஸும் பிசாசின் வேலை என்று வெறுத்தவர், இருபத்தைந்து வயது வாக்கில்தான் கிதாரையே கையில் எடுக்கிறார். அதன்பின் சாகும்வரை பிரசங்கமா விஸ்கியா என்று இரண்டு பக்கமும் இழுபட்டதுதான் அவர் கதை. நடுவில் ஓர் ஆளைச் சுட்டுக் கொன்ற வழக்கில் பார்ச்மன் பண்ணைச் சிறையில் இருந்திருக்கிறார். 1930-ல் விஸ்கான்சினில் கிராஃப்டன் என்ற ஊரில் பாரமவுண்ட் என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்காகப் பதிவு செய்தார். பொருளாதார மந்தம் ஆரம்பித்திருந்த நேரம், தட்டுகள் விற்கவில்லை. 1941, 42-ல் நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லாமாக்ஸ் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காக அவரைத் தேடிப் போய்ப் பதிவு செய்தார். ஒரு கடைக்குள் எடுத்த பதிவு அது, பாடும்போது பின்னால் ரயில் கடந்துபோகிற சத்தம் கேட்கும். எனக்கு அந்த ரயில் ரொம்பப் பிடிக்கும், அதை விடுங்கள்.

1943-ல் நியூயார்க் மாநிலத்தில் ரோசெஸ்டருக்குக் குடிபெயர்ந்து ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்தார். காலப்போக்கில் கிதாரையும் விட்டுவிட்டார். 1964 ஜூனில் மூன்று வெள்ளைக்கார இளைஞர்கள் அவரைத் தேடி மிசிசிப்பியெல்லாம் அலைந்து, கடைசியில் ரோசெஸ்டரில் கண்டுபிடித்தார்கள். தன் பழைய பாட்டுகளை அவரால் வாசிக்க முடியவில்லை, மறந்துபோயிருந்தது. ஆல் வில்சன் என்ற பையன், அப்போது இருபது இருபத்தொரு வயது, பழைய தட்டுகளைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்திருந்தவன், "ஐயா, நீங்கள் 1930-ல் இப்படி வாசித்தீர்கள், 42-ல் இப்படி வாசித்தீர்கள்" என்று அவர் பாட்டை அவருக்கே வாசித்துக் காட்டினான். அப்புறம் 1965 ஏப்ரலில் கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனிக்காகப் பதிவு. இரவுப்பணி கேட்ட பாட்டு அதில் உள்ளதுதான். அதே ஆல்பத்தில் இன்னொரு பாட்டும் கைதட்டு மட்டும் வைத்துப் பாடியது. மற்றதெல்லாம் கிதாரோடு. ஸ்டீல் உடம்பு கிதாரில் விரலில் குழாய் மாட்டி இழுக்கிற இழுப்பைக் கேட்டுப் பாருங்கள், தந்தியை அறுத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கும்.

தாளக்காரன் · காலை 9:05

நன்றி சார். ஆனால் இதுதான் என் பிரச்சினையே. கதை தெரிந்துவிட்டால் பாட்டு நன்றாகிவிடுமா? சிறை, விஸ்கி, மறதி எல்லாம் சேர்ந்து நம் காதில் எதிரொலி போட்டுவிடுகின்றன.

இரவுப்பணி · காலை 9:11

அண்ணா, எனக்கு இந்தக் கதை எதுவும் தெரியாமலேதானே பிடித்தது? வரிகூட முழுசாகப் புரியவில்லை. இயர்போன் கெட்டுப்போச்சு என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே பிடித்துவிட்டது.

ஆறுதந்தி · காலை 10:30

இரவுப்பணி சொன்னது சரியான பதில்.

தாளக்காரன் கேட்ட "சரியில்லை" என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். ப்ளூஸ் என்றால் பன்னிரண்டு பார் (நம் தாள ஆவர்த்தனம் மாதிரி) என்று எல்லாரும் படித்திருப்போம். நம் பாஷையில் சொன்னால் ச, ம, ப மூன்றிலும் நிற்கிற மூன்று கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டுகள்), ஒரு வரியை இரண்டு தடவை பாடி மூன்றாவது வரியில் பதில், பன்னிரண்டு பாரில் ஒரு சுற்று. இது பேண்டாகச் சேர்ந்து வாசிக்கிறவர்களுக்கான ஒப்பந்தம். தனியாகப் பாடுகிறவன் யாரோடும் ஒப்பந்தம் போடவில்லையே. மூச்சு தீர்ந்தால் அடுத்த வரிக்குப் போவான். சொல்ல வந்தது முடியவில்லை என்றால் அந்த இடத்திலேயே நிற்பான். பதினொன்றாகவும் வரும், பதிமூன்றரையாகவும் வரும்.

இதற்கு உச்சம் ப்ளூஸ் பாடகர் ஜான் லீ ஹூக்கரின் "பூகி சில்லன்". 1948 செப்டம்பர், டெட்ராய்ட். ஒரு மின் கிதார், ஒரு ஆள். காலுக்கடியில் மரப்பலகை போட்டு அதன் சத்தத்தையும் பிடித்தார்கள். அவர் கால் தட்டுவதுதான் டிரம்ஸ். மொத்தப் பாட்டும் ஒரே கார்டு, மாறவே மாறாது. நடுநடுவே பாட்டை விட்டுப் பேச ஆரம்பித்துவிடுவார், ஹேஸ்டிங்ஸ் தெருவில் நடந்து போனேன், எல்லாரும் ஹென்றி ஸ்விங் கிளப்பைப் பற்றிப் பேசினார்கள் என்று. நான் இதை வாசிக்க ஆரம்பித்தபோது ஒரே கார்டுதானே, பத்து நிமிட வேலை என்று நினைத்தேன். எட்டு மாதம் ஆகிறது. அந்த வலது கை இன்னும் வரவில்லை. கார்டு மாறும் இடத்தில் நாம் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்வோம், கேட்கிறவனுக்கும் "ஏதோ நடந்தது" என்று இருக்கும். மாறாத இடத்தில் அந்த வசதி கிடையாது. ஒவ்வொரு அடியும் முந்தைய அடி மாதிரியே இருக்க வேண்டும், ஆனால் அதே அடியாக இருக்கக் கூடாது.

மெயின்ரோடு · மதியம் 1:15

எல்லாரும் எளிமை எளிமை என்று உருகுகிறீர்கள். இந்த எளிமையை யார் கேட்டார்கள் என்று ஒருவராவது யோசித்தீர்களா?

பிக் பில் புரூன்ஸி என்ற ப்ளூஸ் பாடகர் 1938-ல் நியூயார்க் கார்னகி ஹாலில் பாடினார். முதலில் ராபர்ட் ஜான்சன் என்ற இன்னொரு ப்ளூஸ் பாடகரைக் கூப்பிட நினைத்தார்கள், அவர் இறந்துவிட்டதால் இவர் வந்தார். மேடையில் அவரை அறிமுகப்படுத்தியது அர்கன்சாவிலிருந்து வந்த விவசாயி என்று. ஆனால் மனிதர் பல வருடமாகச் சிகாகோவில் குடியிருந்து, பியானோ, டிரம்ஸ் எல்லாம் வைத்துப் பதிவு செய்துகொண்டிருந்த நகரத்து ஆள். 50களில் ஐரோப்பாவுக்குப் போனபோதும் தனிக் கிதாரோடுதான் மேடையேறினார். இன்னொரு ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் 50கள் முழுக்கச் சிகாகோவில் ஆம்ப்ளிஃபையரை அலறவிட்டவர். நாட்டுப்பாடல் ரசிகர்கள் பெருகியதும் 1964-ல் செஸ் கம்பெனி அவரை அக்கூஸ்டிக் கிதாரோடு உட்காரவைத்து "ஃபோக் சிங்கர்" என்றே பெயர் போட்டு ஆல்பம் விட்டது. ஹூக்கரையும் விடவில்லை. ரிவர்சைட் கம்பெனி 1959-ல் அவர் கையில் அக்கூஸ்டிக் கொடுத்து "கிராமத்து ப்ளூஸ்" என்று விற்றது.

சன் ஹவுஸ் ஆல்பத்தின் பெயரிலும் "ஃபோக் ப்ளூஸின் தந்தை" என்று இருக்கிறது. வாங்கியது யார்? கல்லூரி வளாகத்து வெள்ளைக்காரப் பிள்ளைகள். எளிமை என்பது அவர்களுடைய ருசி. அந்தத் தட்டில் பரிமாறினார்கள்.

ஆறுதந்தி · மதியம் 2:02

நீங்கள் சொன்ன தகவல் எல்லாம் சரி. ஆனால் 1948-ல் "பூகி சில்லன்" எந்தக் கல்லூரிப் பிள்ளைக்காகவும் வெளிவரவில்லை. டெட்ராய்ட், சிகாகோ கறுப்பர் பேட்டைகளில் ஜூக்பாக்ஸில் காசு போட்டுக் கேட்டார்கள். 1949 ஆரம்பத்தில் பில்போர்ட் பத்திரிகையின் கறுப்பர் இசைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. அந்தக் காலத்தில் அந்தப் பட்டியல் முழுக்க சாக்ஸபோனும் பியானோவும் வைத்த பேண்டுகள். அவற்றுக்கு நடுவே ஒற்றை ஆள், ஒற்றைக் கார்டு, ஒரு மரப்பலகை. மிசிசிப்பியை விட்டுத் தொழிற்சாலை வேலைக்கு வந்த ஜனங்கள் அதைத் தாங்களே பார்த்து எடுத்துக்கொண்டார்கள். யாரும் ஊட்டிவிடவில்லை.

மடி வாட்டர்ஸும் அதே 1948-ல் முதல் ஹிட் கொடுத்தது பேண்டோடு இல்லை. அவர் மின் கிதார், கூட ஒரே ஒரு பேஸ், அவ்வளவுதான்.

மெயின்ரோடு · மதியம் 2:10

ஹூக்கரை விட்டுத் தருகிறேன். சன் ஹவுஸ் விஷயத்தில் விடமாட்டேன் 🙂

வாய்க்கால் · மாலை 4:40

எனக்கு இதைக் கேட்டதும் எங்கள் ஊர் ஒப்பாரிதான் ஞாபகம் வந்தது. அதிலும் வாத்தியம் கிடையாது, வெறும் குரல்தான். துக்கம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

பழைய கேசட் · மாலை 5:15

வாய்க்கால், கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கு இந்த ஒப்பீடு ஒட்டவில்லை. ஒப்பாரி செத்தவரைப் பார்த்துப் பாடுவது, கூட அழ நாலு பெண்கள் தோளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இந்தப் பாட்டில் யாரும் சாகவில்லை, அவர் அழவும் இல்லை. புத்தி சொல்கிறார். வரிகளைப் பார்த்தால் தெரியும்: முகத்துக்கு நேரே இளிக்கிறவர்களைக் கண்டுகொள்ளாதே, நீ திரும்பினதும் உன்னைக் கவிழ்க்கப் பார்ப்பார்கள். பெற்ற தாயும் உன்னைப் பேசுவாள், கூடப்பிறந்தவர்களும் பேசுவார்கள், நல்ல சிநேகிதன் கிடைப்பது கஷ்டம், இதை மனதில் வை. நாலு பேர் நாலு விதமாகப் பேசத்தான் செய்வார்கள் என்று நம் வீட்டுத் திண்ணையில் பெரியவர் ஒருவர் சொல்வாரே, அந்தத் தொனி. சிரிப்பது என்று மொழிபெயர்த்தால் தப்பாகிவிடும், பல்லைக் காட்டுவது என்றால்தான் சரியாக வரும்.

வாய்க்கால் · மாலை 5:32

சரி சார். வரி தெரியாமல் சொல்லிவிட்டேன்.

ஞாயிறு பாடகி · இரவு 8:50

நேற்றிலிருந்து படித்துக்கொண்டே இருந்தேன், ஒரு விஷயத்தை யாரும் சொல்லாததால் எழுதுகிறேன்.

நான் சின்ன வயதிலிருந்து சபையில் பாடுகிறவள். எங்கள் சபை சின்னது, அறுபது எழுபது பேர் இருப்போம். கீபோர்டு வாசிக்கிற அண்ணன் வராத நாட்களில் கைதட்டித்தான் பாடுவோம். முன்வரிசையில் நாங்கள் தட்டுவோம், பின்வரிசைப் பாட்டிகளுக்குச் சத்தம் போய்ச் சேர்ந்து அவர்கள் தட்டுவதற்குள் கொஞ்சம் பிந்திவிடும். ஒருநாளும் எல்லாக் கையும் ஒன்றாக விழாது. ஆனால் அந்தப் பிசிறு யாருக்கும் தெரியாது, எழுபது கை சேர்ந்து ஒரு பெரிய மெத்தை மாதிரி ஆகிவிடும். பாடுகிறவர் அதன்மேல் விழலாம், உருளலாம், தாங்கிக்கொள்ளும். பாஸ்டர் ஒரு வரி சொன்னால் சபை ஒரு வரி திருப்பிச் சொல்லும்.

இப்போது அந்தப் பாட்டைக் கேளுங்கள். பாடுகிறவர் பிரசங்கியாராக இருந்தவர் என்று பழைய கேசட் சார் சொன்னார். இது சபையில் பாடுகிற முறைதான், ராகமும் அப்படித்தான் ஏறி இறங்குகிறது. ஆனால் சபை இல்லை. எழுபது கை தட்ட வேண்டிய இடத்தில் இரண்டே கை, அதுவும் அவருடையதே. பிரசங்கியாரும் அவர்தான், பின்வரிசையும் அவர்தான். அதனால்தான் அந்தப் பிசிறு அப்படியே வெளியே தெரிகிறது. தாங்க மெத்தை கிடையாது.

பாடுகிற விஷயம் என்ன? அம்மாவும் அண்ணன் தம்பியும்கூட உன்னைப் பேசுவார்கள், உண்மையான சிநேகிதன் கிடைக்க மாட்டான் என்பது. இதைப் பாட அவருக்குப் பின்னால் பத்துப் பேர் ஜம்மென்று கோரஸ் பாடினால் அந்த வரியை யார் நம்புவார்கள்? எனக்கு இது வாத்தியம் குறைந்த பாட்டாகத் தோன்றவே இல்லை. ஆட்கள் குறைந்த பாட்டு.

ஆறுதந்தி · இரவு 9:04

அக்கா, இதைப் படித்துவிட்டு மறுபடி போட்டுக் கேட்டேன். இனி எனக்கு வேறு மாதிரிக் கேட்காது. ஹூக்கர் காலடியில் இருந்த பலகையையும் இனி இப்படித்தான் கேட்பேன் போல. ஆடுகிற கூட்டம் இருக்க வேண்டிய இடத்தில் அவர் செருப்பு.

மெயின்ரோடு · இரவு 9:20

நல்ல விளக்கம். ஆனால் அந்த ஸ்டுடியோவில் சபை இல்லாததற்குக் காரணம் கொலம்பியா கம்பெனி, இறைவன் இல்லை.

ஞாயிறு பாடகி · இரவு 9:26

அது சரிதான் 🙂 ஆனாலும் மைக்குக்கு முன்னால் நின்றது கொலம்பியா இல்லையே.

சின்னக்குரல் · இரவு 10:41

நான் ஓர் அசட்டு வேலை செய்தேன். வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து போனில் ரெக்கார்டரை ஆன் செய்துவிட்டு நானே கைதட்டி இதைப் பாடிப் பார்த்தேன். கரோக்கியில் நான் சுமாராகப் பாடுவேன், ஆபீஸில் கூப்பிட்டுப் பாடச் சொல்வார்கள்.

முதல் வரியிலேயே சுருதி எங்கே என்று தெரியவில்லை. பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. இரண்டாவது வரி முடியும்போது ஆரம்பித்த இடத்திலிருந்து அரைக் கட்டை இறங்கியிருந்தேன். அதைவிட மோசம், வரிக்கும் வரிக்கும் நடுவில் வருகிற மௌனம். பயமாக இருந்தது. அதை நிரப்ப நானாகவே "ம்ம்", "ஓ" என்று போட்டு, கமகம் மாதிரி எதையோ சுழற்றி... கேட்கச் சகிக்கவில்லை, அழித்துவிட்டேன். கரோக்கி டிராக் இத்தனை நாள் எனக்காக எவ்வளவு பொய் சொல்லியிருக்கிறது என்று நேற்றுதான் தெரிந்தது.

கீழ்வீட்டு அம்மா வந்து "யாரை விரட்டுறே, பூனையா?" என்று கேட்டார்.

இரவுப்பணி · இரவு 10:44

😂😂 பூனையா!

பழைய கேசட் · காலை 6:05

ஆல் வில்சனைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இந்த இழைக்குப் பொருந்தும்.

சன் ஹவுஸுக்கு அவர் பாட்டையே திருப்பிச் சொல்லிக் கொடுத்த அதே பையன்தான் அப்புறம் கேன்ட் ஹீட் என்ற பேண்டைத் தொடங்கினான். 1970-ல் அந்த பேண்டு ஜான் லீ ஹூக்கரோடு சேர்ந்து ஓர் ஆல்பம் பதிவு செய்தது, 1971-ல் வெளிவந்தது. ஹூக்கரோடு வாசிப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஆறுதந்தி சொன்னதைப் பார்த்தாலே தெரியும், அவர் எப்போது மாறுவார் என்று அவருக்கே தெரியாது. நல்ல நல்ல வித்வான்கள் பன்னிரண்டு பார் எண்ணிக்கொண்டே போய் அவரோடு மோதிக்கொண்டிருக்கிறார்கள். வில்சன் எண்ணவே இல்லை. மவுத்ஆர்கனை வைத்துக்கொண்டு ஹூக்கர் மூச்சு எடுக்கிற இடத்தில் தானும் எடுக்கிறான், அவர் நின்றால் நிற்கிறான். பல இடத்தில் அவன் ஒன்றுமே வாசிக்காமல் இருப்பதுதான் அழகு. பதிவு செய்த 1970-லேயே செப்டம்பரில் இறந்துபோனான். 27 வயது. ஆல்பம் வெளிவந்ததைப் பார்க்கவில்லை.

சன் ஹவுஸ் ஆல்பத்திலும் இரண்டு பாட்டில் அவன் கூட வாசித்திருக்கிறான். கைதட்டுப் பாட்டில் இல்லை. கூட வாசிக்கத் தெரிந்த ஒரு பையன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் அந்தப் பாட்டு அப்படியே வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. மெயின்ரோடு, இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

மெயின்ரோடு · காலை 8:30

கம்பெனி வெறுமையாக இருக்கட்டும் என்று நினைத்திருக்கலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் ஒத்துக்கொள்கிறேன், முந்தாநாள் அளவுக்கு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

தாளக்காரன் · இரவு 9:37

இரண்டு நாளாகப் பேசாமல் இருந்ததற்குக் காரணம் இருக்கிறது. சண்டைக்கு ஆதாரம் தயார் செய்துகொண்டிருந்தேன்.

என் திட்டம் இது: பாட்டிலிருந்து குரலையும் கைதட்டையும் தனித்தனியாகப் பிரிப்பது, கைதட்டை மட்டும் மென்பொருளின் தாளக் கட்டத்தில் ஒட்டிச் சீராக்குவது, மறுபடி சேர்த்து இங்கே போட்டு "பாருங்கள், சரியான தாளத்தில் இன்னும் நன்றாக இருக்கிறது" என்று காட்டுவது. வாத்தியத்தைப் பிரிக்கிற மென்பொருள் ஒன்று வைத்திருக்கிறேன், மாணவர்களுக்கு டிரம்ஸ் இல்லாத டிராக் தயாரிக்க உதவும். அதில் போட்டேன்.

பிரிக்கவில்லை. "டிரம்ஸ்" என்று வந்த டிராக்கில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. கைதட்டை அது தாளமாகவே கணக்கில் எடுக்கவில்லை, இரைச்சல் என்று நினைத்துப் பெரும்பகுதியைத் தூக்கி எறிந்துவிட்டது. எனக்கு மிஞ்சியது சுத்தமான குரல் மட்டும், கைதட்டின் நிழல் அங்கங்கே.

சரி, ஆனது ஆச்சு என்று அதைக் கேட்டேன். விசித்திரமாக இருந்தது. குரல் அதே குரல்தான், ஒரு குறையும் இல்லை. ஆனால் ஏதோ ஒரு கிழவர் வராந்தாவில் தனக்குத்தானே பாடுகிற மாதிரி ஆகிவிட்டது. முன்பு யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார், இதில் யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிறு பாடகி சொன்ன அந்தப் பின்வரிசை காணாமல் போய்விட்டது.

அப்புறம் விடவில்லை, நானே மெட்ரோனோம் வைத்துச் சீராகத் தட்டி அந்தக் குரலோடு சேர்த்தேன். அவர் ஓர் இடத்திலும் என்னோடு வரவில்லை. மெட்ரோனோமை நிறுத்திவிட்டுக் காதில் கேட்கிறபடி தட்டிப் பார்த்தேன். பதினைந்து தடவை. இருபது வருடமாகத் தாளம் போடுகிறவன், ஒரு தடவைகூட ஒழுங்காக வரவில்லை. வரியின் கடைசிச் சொல்லை அவர் எவ்வளவு நேரம் இழுப்பார் என்று எனக்குத் தெரியவில்லை, அவர் கைக்குத் தெரிந்திருக்கிறது.

கைதட்டு சீராக இல்லை என்று நான் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை. சீராக இல்லைதான். நாளைக்கு என் பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம் இதைப் போட்டுக் காட்டி, கூடத் தட்டச் சொல்லப் போகிறேன். அதில் ஒரு பெண் இருக்கிறாள், எட்டாம் வகுப்பு, எப்போதும் கொஞ்சம் பிந்தித்தான் தட்டுவாள், நானும் திட்டிக்கொண்டே இருப்பேன். அவள் எப்படித் தட்டுகிறாள் என்று பார்க்க வேண்டும்.

இரவுப்பணி · இரவு 9:52

அண்ணா, பார்த்துவிட்டு வந்து கட்டாயம் எழுதுங்கள். அப்படியே பழைய கேசட் சார், அந்த ரயில் சத்தம் கேட்கிற பதிவு எது என்று சொல்லுங்களேன், இன்றைக்கும் நைட் ஷிஃப்ட்தான்.